கேட்கத் தெரிந்தவருக்கு ஊர் அயலில்லை
வெளியூரில் படிக்கச் செல்லும் மாணவருக்கும் அனுப்பி வைக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்

1914ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் கால் வைத்தார். கேம்பிரிட்ஜ் நகரில் அவர் சந்தித்த முதற் பகைவன் குளிர்தான். அக்காலத்தில் அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் ஒருநாள் ராமானுஜனின் அறைக்குச் சென்றார். ராமானுஜன் கணப்பை ஒட்டி அமர்ந்திருந்தார். இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்றும், மேலங்கியை அணிந்து சால்வையையும் போர்த்திக்கொண்டே படுப்பதாகவும் கூறினார். மஹலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று கட்டிலைப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் போதிய அளவு இருந்தன. ஆனால் அவ்வூர் வழக்கப்படி அவை மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. கம்பளிகளை விலக்கி அவற்றின் உள்ளே படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. அவர் கம்பளிகளின் மேலேயே படுத்து வந்தார். மஹலனோபிஸ் கம்பளியை விலக்கி, உள்ளே படுப்பது எப்படி என்று காட்டிக் கொடுத்தார்.

இந்நிகழ்ச்சியைக் கேட்டுப் பலர் புன்னகை செய்வர். சற்று நின்று எண்ணினால் புன்னகை மறையும். எண்களின் ஆழத்தை அறிந்த ஒருவர், கைக்கெட்டும் தூரத்தில் கம்பளி இருந்தும் குளிரில் நடுங்கினார். அது அறிவின் குறையன்று. ஒரு நாட்டில் பிறந்தவர் யாவரும் அறிந்த ஒன்றை அயலார்க்குச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அயலார்க்கும் அதைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. இரண்டு மௌனங்களுக்கு இடையே ஒரு மனிதர் குளிரில் கிடந்தார்.

வெளியூருக்குப் படிக்கச் செல்லும் மாணவர் பலருடைய துன்பமும் இவ்வகையைச் சேர்ந்ததே. பாடத்தின் கடுமையால் தளர்பவர் சிலர். கேட்டால் ஒரு நிமிடத்தில் தீரக்கூடிய சிறு சிக்கல்களைக் கேட்காமலே சுமந்து தளர்பவர் பலர். ஆகவே இப்பாடத்தின் மையக் கருத்து ஒன்றே: புதிய ஊரில் குடியமர்தல் என்பது, எதை யாரிடம் கேட்பது என்று அறிந்துகொள்வதுதான்.

ஏன் டாலிகஞ்ச்?

மஹலனோபிஸ் தாயகம் திரும்பிய பின்னர், 1931ஆம் ஆண்டு இந்தியப் புள்ளியியல் கழகத்தைக் கல்கத்தாவில் நிறுவினார். அன்று ஒரு தமிழருக்கு உதவியவரின் ஊருக்கே இன்று தமிழ் மாணவர்கள் படிக்கச் செல்கின்றனர். நகரின் வடபுறம் பராநகரில் அக்கழகம் உள்ளது. தென்புறம் யாதவ்பூர் பல்கலைக்கழகம் உள்ளது. தெற்குக் கொல்கத்தாவில் படிப்போர் அறை தேடும் பகுதிகளுள் ஒன்று டாலிகஞ்ச். சென்னையிலிருந்து ரயில் வழியே ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் தொலைவு. கடவுச்சீட்டு வேண்டாம், விசா வேண்டாம், பணத்தை மாற்றவும் வேண்டாம். ஆயினும் மொழி வேறு, எழுத்து வேறு, உணவின் மணம் வேறு, வீட்டுக்காரரை அழைக்கும் முறை வேறு. அயல்நாட்டு வாழ்வின் பாடங்கள் பெரும்பாலானவற்றை இவ்வூரிலேயே கற்கலாம். டாலிகஞ்சை முன்வைத்துச் சொல்பவற்றை டொரண்டோவிற்கோ ஃபிராங்க்பர்ட்டிற்கோ செல்பவரும் தம் ஊருக்கேற்பப் பொருத்திக்கொள்ளலாம்.

முதல் பாடம்: ஊரின் கதையைத் தெரிந்துகொள்ளுதல்

ஓர் ஊரில் வாழப் போகிறவர் முதலில் அதன் கதையை அறிய வேண்டும். இது பொழுதுபோக்கிற்காக அன்று. எவரிடம் எப்படிப் பேசுவது என்பதை அக்கதையே கற்பிக்கும்.

டாலிகஞ்சின் பழைய பெயர் ரசாபக்லா. 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வில்லியம் டாலி என்ற ஆங்கிலப் படை அதிகாரி, கங்கையின் பழைய போக்கான ஆதிகங்கையைத் தூர்வாரிக் கால்வாயாக்கினார். கால்வாய்க்கு டாலி நாலா என்றும், கரையில் எழுந்த சந்தைக்கு டாலிகஞ்ச் என்றும் பெயர் வந்தது. தமிழகத்துடனும் இவ்வூருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1806ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின், அங்கே வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மக்களை ஆங்கிலேயர் கல்கத்தாவிற்கு அனுப்பினர். அவர்கள் குடியமர்த்தப்பட்ட இடம் இப்பகுதியே. திப்புவின் மகன் இளவரசர் குலாம் முகமது கட்டிய பள்ளிவாசல் இன்றும் டாலிகஞ்சில் உள்ளது. 1930-களில் இவ்வூர் திரைப்பட ஸ்டூடியோக்களின் இருப்பிடமாயிற்று. சென்னையில் ஒலிப்பதிவு வசதி வேரூன்றாத அந்நாளில், தமிழ்ப் பேசும் படங்கள் பல கல்கத்தாவில் எடுக்கப்பட்டன. தமிழ் நடிகரும் பாட்டுக்காரரும் மாதக்கணக்கில் இந்நகரில் தங்கினர்.

மாணவர் குறிப்பாக அறிய வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் டாலிகஞ்ச், யாதவ்பூர்ப் பகுதிகளில் குடியேறினர். வெறும் நிலத்தில் தாமே கொட்டகை எழுப்பிக் குடியிருப்புகளை உண்டாக்கினர். பிஜய்கட், ஆசாத்கட், நேதாஜி நகர் என்பன அவ்வாறு தோன்றியவை. ஆகவே அப்பகுதிகளில் மாணவர்க்கு அறை தரும் முதியவளின் தாயோ பாட்டியோ கையில் ஒரு மூட்டையுடன் வந்து இறங்கியவராக இருக்கலாம். புதிய ஊரில் எதுவும் தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பதை அவ்வீட்டார்க்கு விளக்க வேண்டியதில்லை. “உங்கள் குடும்பத்தின் பூர்வீகம் எவ்விடம்?” என்று மரியாதையுடன் கேட்கும் மாணவருக்கு அவ்வீட்டின் உட்கதவும் திறக்கும் வாய்ப்பு உண்டு.

இரண்டாம் பாடம்: நாற்பது சொற்கள்

கல்லூரியில் ஆங்கிலம் போதும். ஓரளவு இந்தியும் உதவும். ஆனால் காய்கறிக் கடையிலும், பகிர்வு ஆட்டோவிலும், மருந்துக் கடையிலும் வங்காளமே ஊரின் மூச்சு. முழு மொழியையும் கற்க ஆண்டுகள் வேண்டும். நாற்பது சொற்களைக் கற்க இரு வாரம் போதும்.

முதலில் அழைப்புச் சொற்கள். தமிழில் ‘தாதா’ என்றால் அடாவடிக்காரர் என்ற பொருள் பரவிவிட்டது. வங்காளத்தில் அது ‘அண்ணா’ என்னும் அன்புச் சொல். கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், நூலக ஊழியர் அனைவரும் ‘தாதா’க்களே. பெண்களை ‘திதி’ என்றும், தந்தை வயதுடையவரைக் ‘காக்கு’ என்றும், தாய் வயதுடைய வீட்டுக்காரியை ‘மாஷிமா’ என்றும் அழைக்கலாம். நாமும் அண்ணன், அக்கா, மாமா என்றே தெருவில் பேசிப் பழகியவர்கள் ஆதலால், இம்முறை நம் நாவிற்கு எளிதில் படியும்.

அடுத்து வினாச் சொற்கள். ‘கொதோ’ என்றால் எவ்வளவு. ‘கோத்தாய்’ என்றால் எங்கே. ‘ஏகானே நாம்போ’ என்றால் இங்கே இறங்குகிறேன். ‘ஆஸ்தே போலுன்’ என்றால் மெதுவாகச் சொல்லுங்கள். ‘ஆமி பாங்லா ஜானி நா’ என்றால் எனக்கு வங்காளம் தெரியாது. இக்கடைசி வாக்கியத்தை வங்காளத்திலேயே சொல்வதில் ஒரு நயம் உண்டு. தெரியாது என்பதை அவர்கள் மொழியில் சொல்பவருக்குத் தெரிவிக்க எல்லாரும் முன்வருவர்.

ஒலியில் கவனம் தேவை. ‘ஜொல்’ என்றால் தண்ணீர்; ‘ஜால்’ என்றால் காரம். உணவகத்தில் ஒன்றைக் கேட்டு மற்றொன்றைப் பெற்ற அனுபவம் புதியவர்க்கு வாய்க்கலாம். வங்காளத்தில் சோற்றை உண்பதற்கும் நீரைப் பருகுவதற்கும் வினைச்சொல் ஒன்றே. அவர்கள் தண்ணீரையும் ‘சாப்பிடுவார்கள்’. இத்தகைய வேறுபாடுகளைக் குறிப்பேட்டில் எழுதி வருபவருக்கு மொழி அச்சம் விரைவில் நீங்கும்.

மூன்றாம் பாடம்: உணவும் உறக்கமும்

ராமானுஜன் மரக்கறி உணவு மட்டுமே உண்பவர். தம் அறையில் தாமே சமைத்துக்கொண்டார். ஆய்வில் மூழ்கிய நாட்களில் உணவு நேரம் தவறியது. அவர் சென்ற ஆண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டதால் வேண்டிய பொருள்கள் கிடைப்பதும் அரிதாயிற்று. 1917ஆம் ஆண்டு நோயுற்றார். 1919இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32ஆம் வயதில் மறைந்தார். நோயின் காரணத்தை மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். அது நம் பொருளன்று. ஆனால் ஒழுங்கான உணவும் உறக்கமும் கல்வியின் ஒரு பகுதி என்பதை நாம் அவ்வாழ்விலிருந்து கற்கலாம்.

டாலிகஞ்சில் இருப்பவர்க்கு வழி எளிது. மகாநாயக் உத்தம் குமார் என்று இப்போது பெயர் பெற்றுள்ள டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்தில் ஏறினால், வடக்கே இரண்டாவது நிலையம் காளிகாட். அங்கிருந்து ராஷ்பிகாரி சாலை வழியே நடந்தால் லேக் மார்க்கெட். தென்னிந்தியக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் பகுதி அது. கறிவேப்பிலை, காப்பிப்பொடி, தோசைமாவு ஆகியவற்றைத் தேடி வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. கொல்கத்தா மெட்ரோ 1984ஆம் ஆண்டு அக்டோபர் 24 அன்று தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் அதுவே. அதன் வழித்தடத்தை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்தல் நன்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. வாரம் ஒருமுறை லேக் மார்க்கெட் செல்வது மனத்திற்கு ஆறுதல் தரும். நாள்தோறும் அங்கேயே உண்டு, தமிழரோடு மட்டுமே பழகி, அறைக்குத் திரும்புபவர் கொல்கத்தாவில் தங்குகிறாரே அன்றி வாழவில்லை. கடுகெண்ணெயின் மணம் முதலில் உறுத்தும். ஒரு மாதத்தில் பழகும். வாரத்தில் சில வேளைகளாவது உடன் படிப்போரோடு அமர்ந்து அவ்வூர் உணவை உண்ண வேண்டும். நட்பு பெரும்பாலும் உணவு மேசையில்தான் பிறக்கிறது.

நான்காம் பாடம்: பணத்தைப் பற்றிய மௌனம்

இனி, வங்கி என்ற முறையில் நாம் அடிக்கடி எண்ணிப் பார்க்கும் பகுதிக்கு வருவோம்.

ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். தென்காசிக்கு அருகில் சிற்றூர். தந்தைக்கு ஒரு சிறு கடை. கல்விக் கடன் பெற்று, மகளைக் கொல்கத்தாவிற்கு அனுப்புகிறார். மாதம் 12,000 ரூபாய் அனுப்புவதாக முடிவு. எடுத்துக்காட்டாக அறை வாடகை 5,500, உணவு 4,000, போக்குவரத்து 800, தொலைபேசி 300, பிற செலவு 900 என்று கொண்டால் மொத்தம் 11,500. மாதம் 500 ரூபாய் மிஞ்சும் என்று தாளில் தெரிகிறது.

ஆனால் முதல் மாதம் மற்ற மாதங்களைப் போன்றதன்று. அறைக்கு இரண்டு மாத முன்பணம் 11,000. மெத்தை, கொசுவலை, வாளி, மின்விளக்கு 3,000. புத்தகங்கள் 2,500. ஆக 16,500 ரூபாய் கூடுதலாகத் தேவை. கையில் மிஞ்சும் 500 போக, 16,000 ரூபாய் பற்றாக்குறை. இதை வீட்டில் எவரும் கணக்கிடவில்லை.

அன்று இரவு தந்தை அழைக்கிறார்.

“என்னம்மா, நன்றாக இருக்கிறாயா? சாப்பிட்டாயா?”

“சாப்பிட்டேன், அப்பா. எல்லாம் நன்றாக இருக்கிறது.”

மகள் பொய்யுரைப்பவள் அல்லள். அப்பா கடன் வாங்கியிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். மேலும் கேட்க நா எழவில்லை. தந்தையும் அக்கறையற்றவர் அல்லர். பணத்தைப் பற்றிக் கேட்டால் மகள் மனம் வருந்துவாள் என்று எண்ணுகிறார். இருவரும் அன்பினாலேயே மௌனம் காக்கின்றனர். கேம்பிரிட்ஜ் அறையில் கண்ட அதே இரு மௌனங்கள்!

அடுத்து நடப்பவை எளிதில் ஊகிக்கக் கூடியவை. காலை உணவு நிற்கிறது. தோழியிடம் கைமாற்று. பிறகு கைபேசியில் வரும் ‘உடனடிக் கடன்’ செயலி. அதன்பின் யாரோ ஒருவர், “உங்கள் வங்கிக் கணக்கைச் சில நாள் பயன்படுத்தக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்” என்கிறார். இங்கேதான் ஒரு வாழ்வு தடம் புரள்கிறது. பிறர் மோசடி செய்து ஈட்டிய பணம் தம் கணக்கு வழியே செல்ல இடம் தருபவர், தாம் அறியாமல் செய்தாலும் காவல்துறை விசாரணைக்கு உள்ளாவார், கணக்கும் முடக்கப்படும். 16,000 ரூபாயைப் பற்றிய ஒரு மௌனம் இவ்வளவு தூரம் இழுத்துச் செல்லக்கூடும்.

இதற்கு மருந்து ஒன்று உண்டு. அதற்குச் செலவில்லை. மாதம் ஒருமுறை, குறித்த ஒரு நாளில், மாணவர் வீட்டிற்குக் கணக்கு மடல் அனுப்ப வேண்டும். வந்தது, சென்றது, இருப்பது, தர வேண்டியது என்ற நான்கு வரிகள் போதும். கைபேசிச் செய்தியாகவும் இருக்கலாம். லண்டனில் சட்டம் படித்த இளைஞர் காந்தி, செலவிட்ட சிறு காசையும் நாள்தோறும் எழுதிவைத்தார். அக்கணக்கைப் பார்த்தே செலவைப் பாதியாகக் குறைத்தார். கணக்கு எழுதுவதைச் சிக்கனம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. கேட்கத் தயங்கும் செய்தியை எண்களே சொல்லிவிடும். “அப்பா, பணம் போதவில்லை” என்று கூற நா எழாத பிள்ளைக்கும், “தர வேண்டியது: 6,000” என்று எழுதக் கை வரும்.

ஐந்தாம் பாடம்: கல்விக் கடனின் கணக்கு

கடன் பெற்றுப் படிப்பவர் அதன் இயக்கத்தை முதல் நாளே அறிந்திருக்க வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, படிப்புக் காலத்திலும் அதற்குப்பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. பின்னர் 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம். ஆனால் தவணை இல்லை என்பதால் வட்டி இல்லை என்று கருதிவிடக் கூடாது. அக்காலத்திற்குத் தனிவட்டி கணக்கிடப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, நான்காண்டுப் படிப்பிற்கு 6,00,000 ரூபாய் கடன். ஆண்டுதோறும் தொடக்கத்தில் 1,50,000 வீதம் வழங்கப்படுகிறது. வட்டி 10 விழுக்காடு என்று கொள்வோம். முதல் ஆண்டு வட்டி 15,000. இரண்டாம் ஆண்டு 30,000. மூன்றாம் ஆண்டு 45,000. நான்காம் ஆண்டு 60,000. படிப்பு முடிந்த பின் ஓராண்டு 60,000. ஆக மொத்தம் 2,10,000 ரூபாய். முதல் தவணை தொடங்கும் முன்னரே கடன் 8,10,000 ஆகிவிடுகிறது.

இந்த எண் எவரையும் அஞ்ச வைக்க அன்று. முன்கூட்டியே வழி காண்பதற்காகவே. முதல் ஆண்டின் வட்டி மாதத்திற்கு 1,250 ரூபாய்தான். வீட்டார் அதை அவ்வப்போது செலுத்தி வந்தால் சுமை பெரிதும் குறையும். அவ்வாறு செலுத்துவோர்க்கு வட்டியில் ஒரு விழுக்காடு சலுகை தரும் வங்கிகளும் உள்ளன. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்போர், கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டியை எட்டு ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். தங்கள் கடனுக்குரிய விதிகளைக் கிளையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம் என்ற இப்பாடத்தின் கருத்து வங்கிக்கும் பொருந்தும்.

ஆறாம் பாடம்: கணக்கும் முகவரியும்

ஊர் மாறினால் வங்கிக் கணக்கையும் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அவசியமில்லை. வங்கிக் கிளைகள் அனைத்தும் ஒரே கணினி வலையில் இணைந்துள்ளதால், தென்காசியில் தொடங்கிய கணக்கை டாலிகஞ்சிலும் இயக்கலாம். நெடுநாள் தங்குவோர் விரும்பினால் கணக்கை அருகிலுள்ள கிளைக்கு மாற்றக் கோரலாம். அப்போது கிளைக்குரிய ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறும் என்பதைப் பணம் அனுப்புவோர்க்குத் தெரிவிக்க வேண்டும். கைபேசி எண்ணை மாற்றுபவர், பழைய எண்ணைக் கைவிடுமுன் புதிய எண்ணைக் கிளையில் பதிந்துகொள்ள வேண்டும். அதை மறந்தால், ஓடிபி முதலான வங்கிச் செய்திகள் பழைய எண்ணுக்கே செல்லும்.

வாடகை முன்பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியே செலுத்துதல் நன்று. அதுவே சான்றாகும். அறையைக் கண்ணால் காணுமுன் எவருக்கும் முன்பணம் அனுப்ப வேண்டாம். மோசடியில் பணம் இழந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். வங்கிக்கும் அப்போதே தெரிவிக்க வேண்டும். இழந்த பணத்தை மீட்பதில் முதல் சில மணி நேரமே முக்கியம். வெட்கப்பட்டு மறைப்பவர் அந்நேரத்தை இழக்கிறார்.

அயல்நாடு செல்பவர்க்கு ஒரு தனிக் குறிப்பு. படிக்க வெளிநாடு செல்லும் மாணவர், அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாடு வாழ் இந்தியராகக் கருதப்படுகிறார். எனவே அவருடைய சேமிப்புக் கணக்கு என்ஆர்ஓ கணக்காக மாற்றப்பட வேண்டும். புறப்படுமுன் கிளைக்குச் சென்று இதனைச் செய்துகொண்டால் பின்னர் அலைய நேராது.

ஏழாம் பாடம்: பெற்றோர்க்கு

பிள்ளையைப் புதிய ஊரில் விட்டுத் திரும்பும் பெற்றோர், “எல்லாம் சரியாக இருக்கிறதா?” என்று கேட்கின்றனர். அவ்வினாவிற்கு ‘ஆம்’ என்ற ஒரே விடைதான் கிடைக்கும். விடை பெறத்தக்க வினாக்களைக் கேட்க வேண்டும். இன்று யாரோடு அமர்ந்து உண்டாய்? பக்கத்து அறையில் இருப்பவர் பெயர் என்ன? இந்த வாரம் புதிதாகக் கற்ற வங்காளச் சொல் எது? கையில் எவ்வளவு இருக்கிறது? மூன்று வாரம் தொடர்ந்து ஒரு நண்பரின் பெயரும் பேச்சில் வரவில்லை என்றால், அது கவனிக்க வேண்டிய அடையாளம்.

ஊர் நினைவு வருவது இயல்பு, அது நோயன்று. ஆனால் உறக்கம் கெட்டு, உணவு மறுத்து, வகுப்பிற்குச் செல்லாமல் அறையிலேயே நாட்கள் கழிந்தால் காத்திருக்கக் கூடாது. கல்லூரியின் ஆலோசகரை நாடலாம். நடுவண் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. அதில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். “கடன் வாங்கிப் படிக்க வைத்தோமே” என்ற சொல்லை அவ்வேளையில் பெற்றோர் வாயிலிருந்து பிள்ளை கேட்கக் கூடாது. கடனைத் திருப்பிச் செலுத்த 15 ஆண்டுகள் உண்டு. பிள்ளைக்கு மாற்று இல்லை.

முதல் தொண்ணூறு நாட்கள்

முதல் வாரத்தில், அவசரத்திற்கு அழைக்கத்தக்க ஒருவரின் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர், மூத்த மாணவர், ஆசிரியர் ஆகியோருள் ஒருவராக அவர் இருக்கலாம். அருகிலுள்ள மருத்துவமனை, மருந்துக் கடை, வங்கிக் கிளை ஆகியவற்றை நடந்து சென்று பார்த்து வாருங்கள்.

முதல் மாதத்தில், நாற்பது சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் கணக்கு மடலை அனுப்புங்கள். வகுப்பில் புரியாத ஒன்றையாவது ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள்.

இரண்டாம் மாதம் கடினமானது. புதுமை தீர்ந்திருக்கும், பழக்கம் வந்திராது. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற எண்ணம் தோன்றினால் அன்றே முடிவெடுக்காதீர்கள். மூன்றாம் மாதம் வரை அம்முடிவைத் தள்ளிவையுங்கள். அதுவரை யாரிடமேனும் பேசுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் சேர்ந்தவர்க்கு மூன்றாம் மாத அளவில் துர்க்கா பூஜை வரும். 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற விழா அது. விடுமுறை கிடைத்ததும் ரயிலேறிவிடாமல், முதலாண்டில் ஒருநாளாவது அங்கே தங்கி உடன் படிப்போரோடு பந்தல்களைச் சுற்றிப் பாருங்கள். ஊர் முழுவதும் தெருவில் நிற்கும் அந்த இரவில் அயலாரும் ஊராரும் ஒரே வரிசையில் நடப்பர்.

குடும்பத்தோடு செய்யத்தக்க பயிற்சி

புறப்படுமுன் ஒரு மாலையில் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்து, கீழ்க்கண்ட ஐந்து வினாக்களுக்கும் விடை எழுதுங்கள்.

1. முதல் மாதத்திற்கு மட்டும் ஆகும் கூடுதல் செலவு எவ்வளவு? அது எங்கிருந்து வரும்?
2. மாதத்தின் எந்த நாளில் கணக்கு மடல் அனுப்பப்படும்? யாருக்கு?
3. பணம் குறைந்தால் முதலில் யாரிடம் கேட்பது? அவர் கடிந்துகொள்ள மாட்டார் என்ற உறுதி உண்டா?
4. உடல் நலமில்லை எனில் அந்த ஊரில் யார் வந்து பார்ப்பார்?
5. கடனுக்கு இந்த ஆண்டு சேரும் வட்டி எவ்வளவு? அதைச் செலுத்தப் போகிறோமா, சேர விடப் போகிறோமா?

மூன்றாம் வினாவிற்கு விடை எழுதப் பலருக்குக் கை தயங்கும். அந்தத் தயக்கத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொண்டு ரயில் ஏறுவது நல்லது.

ஓர் ஆண்டு கழியும். மெட்ரோ நிலையத்தின் படிகள் காலுக்குப் பழகியிருக்கும். மாஷிமா பெயர் சொல்லி அழைப்பார். அடுத்த ஜூலையில், பெட்டியோடும் தயக்கத்தோடும் தமிழகத்திலிருந்து புதிய மாணவர் ஒருவர் பக்கத்து அறைக்கு வந்து சேர்வார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று வாசலில் நின்று கேட்டால், ‘ஆம்’ என்றே சொல்வார். அத்துடன் திரும்பிவிடாதீர்கள். உள்ளே சென்று, போர்வை எப்படிக் கிடக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.